கடைக்காரனாக நின்ற அரை மணி நேரம்

நூலை எழுதியவரைப் போற்றுகிறோம்; வாசிப்பவரைப் பாராட்டுகிறோம். இருவருக்கும் நடுவே நின்று அதனை விற்பவரைப் பற்றி நாம் நினைப்பதே அரிது. நானும் ஒரு காலத்தில் நினைத்தவனல்லன். இலண்டன் மாநகரிற் கழித்த ஒரு பிற்பகலே எனக்கு அந்த எண்ணத்தைத் தந்தது.

1982-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அப்பொழுது நான் அங்கு மாணவன். யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டுப் பத்து மாதங்களே ஆகியிருந்தன. பள்ளிப் பருவத்தின் மாலைப் பொழுதுகளை அந்நூலகத்திற் கழித்த எனக்குப் புத்தகம் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு கனக்கும். அந்நிலையில், இஸ்லிங்டன் நகர மண்டபத்தில் புரட்சிகரக் கறுப்பின, மூன்றாம் உலக நூல்களுக்கான முதலாவது சர்வதேசப் புத்தகச் சந்தை நடைபெறுவதாக நண்பர் ஒருவர் சொல்ல, அங்கே சென்றேன். ஹெயிட்டியின் அடிமைகள் நடத்திய புரட்சியைப் பற்றி 1938-இல் நூல் எழுதிய சி. எல். ஆர். ஜேம்ஸ் அதனைத் திறந்து வைத்தார்.

சந்தையை நடத்தியோர் செல்வர் அல்லர். திரினிடாட்டிலிருந்து வந்த ஜோன் லா ரோஸ், சாரா வைட் என்பாருடன் சேர்ந்து 1966-இல் தம் வீட்டிலேயே தொடங்கியது நியூ பீக்கன் புத்தகசாலை. வோல்ட்டர் ரொட்னி என்னும் வரலாற்றாசிரியர் 1968-இல் யமேக்காவுக்குள் நுழையத் தடைவிதிக்கப்பட்டபோது, அவருடைய விரிவுரைகளை மறு ஆண்டு நூலாக்கி வெளியிட்டது ஜெசிக்கா ஹன்ட்லி, எரிக் ஹன்ட்லி தம்பதியரின் போகிள்-லூவர்த்தியூர் பதிப்பகம். இவ்விரண்டுடன் 'ரேஸ் ருடே' என்ற சஞ்சிகைக் குழுவினரும் கைகோத்தனர். 1970-களில் இத்தகைய புத்தகசாலைகள் இனவெறியரின் தாக்குதலுக்கு உள்ளாயின. அதற்காக அவர்கள் கதவை அடைத்துவிடவில்லை.

மண்டபத்தின் ஒரு மூலையில் மேற்கிந்திய மூதாட்டி ஒருவர் சிறிய மேசையொன்றை விரித்திருந்தார். கயானாவின் கரும்புத் தோட்டங்களைப் பற்றிய சிறுநூலொன்றை எடுத்தேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து கூலிகளாகக் கப்பலேறிய நம்மவரின் பெயர்கள் அதில் உருமாறிக் கிடந்தன. நமது மலைநாட்டுத் தோட்டங்கள் கண்முன் வந்தன. நின்ற நிலையிலேயே கடைசிப் பக்கம்வரை வாசித்து, மெல்ல வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"மகனே, நான் சாப்பிட்டு வருகிறேன். அரை மணி நேரம் கடையைப் பார்த்துக்கொள்" என்றார் மூதாட்டி.

மறுக்க முடியவில்லை. வந்தவர்கள் எடுத்தார்கள், புரட்டினார்கள், வைத்தார்கள். ஒவ்வொருவர் கை நீளும்போதும் என் மனம் எழுந்தது, வைக்கும்போது விழுந்தது. அரை மணியில் விற்றவை இரண்டே. அவற்றில் ஒன்றைச் சிறுவனொருவன் சில்லறையை எண்ணி எண்ணி வாங்கினான்.

மூதாட்டி திரும்பியதும், "இப்படி விற்றால் கட்டுமா?" என்று கேட்டேன்.

"பெரிய கடைகள் எங்கள் நூல்களை அடுக்குவதில்லை. இந்தத் தகரப் பெட்டியில் விழும் காசுதான் அடுத்த நூலுக்கு அச்சுக்கூலி" என்றார். நான் வாசித்து வைத்ததை அவர் கண்டிருந்தாரோ, அறியேன். என் முகம் சிவந்தது. பஸ் காசையும் சேர்த்து எண்ணி, அந்தச் சிறுநூலை வாங்கிக்கொண்டு அறைவரை நடந்தேன்.

அச்சந்தைகள் 1995-உடன் முடிவுற்றன. எல்லாக் கடைகளும் ஒரே விலைக்கே நூல் விற்கவேண்டும் என்றிருந்த பிரித்தானியப் பதிப்பாளர் உடன்பாடும் அதே ஆண்டிலேயே குலைந்தது. பெருங்கடைகள் விலையைக் குறைத்தன, சிறுகடைகள் தவித்தன.

அண்மையில் என் பேரனுடன் ஒரு புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அவன் ஒரு நூலின் அட்டையைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்துவிட்டு, "அம்மப்பா, இணையத்தில் இதைவிட மலிவு" என்றான். மேசைக்குப் பின்னால் நின்ற இளைஞனின் முகத்தைப் பார்த்தேன். நின்றபடியே வாசித்துவிட்டு நழுவியவனுக்குப் பேரனைக் கண்டிக்க ஏது உரிமை? வீட்டுக்கு வந்ததும் அலுமாரியிலிருந்து அந்தச் சிறுநூலை எடுத்துக் கொடுத்து, இக்கதையைச் சொன்னேன்.

அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்த அண்ணா நாளைக்கும் நிற்பாரா?" என்றான்.

மாணவச் செல்வங்களே! எரிந்த நூல்களை மீட்க நம்மால் இயலாது. எழுதப்படவிருக்கும் நூல்களுக்கு அச்சுக்கூலி கொடுக்க இயலும். அடுத்தமுறை ஒரு சிறு மேசையின் முன் நிற்கும்போது, அதற்குப் பின்னால் நிற்பவரையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.