கறுவாத்தோட்டம்

கொழும்பு மாநகரின் ஏழாம் வட்டாரத்தைக் கறுவாத்தோட்டம் என்றே நாம் இன்றும் வழங்கி வருகிறோம். மாளிகைகளுக்கிடையே கறுவாச் செடியைக் காண்பதரிது. பெயர் மட்டுமே மணக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இட்ட தோட்டம் அது. கட்டாய ஊழியத்துக்குட்பட்ட மக்களே அன்று பட்டை உரித்தனர். 1833இல் கறுவா மீதான அரசின் ஏகபோகமும் இராஜகாரியமும் ஒழிந்தன. காலப்போக்கில் தோட்டம் துண்டுபட்டது. துரைமாரும், அவர்களைத் தொடர்ந்து உள்நாட்டுச் செல்வரும் குடியேறினர். பார்ன்ஸ், ஹோர்ட்டன், வார்ட் எனத் தேசாதிபதிகளின் பெயர்களை வீதிகள் தாங்கின. பட்டை உரித்தவன் பெயரை எந்த வீதியும் தாங்கவில்லை.

அவ்வீதிகளில் நடக்குந்தோறும் நம் கால்கள் நூதனசாலையின் முன் தாமே நின்றுவிடுகின்றன. 1877இல் திறக்கப்பெற்ற அவ்வெண்ணிற மாளிகையின் முன்றிலில், அதனை நிறுவிய கிரகரி தேசாதிபதி சிலையாய் நிற்கிறார். கட்டி முடித்தவரோ வாப்பிச்சி மரிக்கார் என்னும் நம்மவர். என்ன கைம்மாறு வேண்டும் எனத் தேசாதிபதி வினவியபோது, ஜும்ஆ நாளாகிய வெள்ளியன்று நூதனசாலையை மூடி வைத்தால் போதும் என்று அவர் வேண்டினாராம். இது செவிவழிச் செய்தியே. ஆயினும் நெடுங்காலம் வெள்ளிதோறும் அக்கதவுகள் மூடியே இருந்தன. இன்று அவ்வழக்கம் இல்லை.

ஒரு பேட்டையின் பெருமை அங்கு வாழ்ந்தோரால் மட்டும் அமைவதன்று. உரித்த கையையும் கட்டிய கையையும் மறந்தால், நம் வரலாற்றில் பாதியை நாமே இழந்தவராவோம்.