காப்பிக்குக் கொஞ்சம் பால்

1999-ஆம் ஆண்டு, இறையியல் மேற்படிப்புக்காக உரோமை நகர் சென்ற முதல் வாரம். தெருமுனைக் கடையில் கிடைத்த காப்பி இரண்டு மிடறுதான். கருமையும் கசப்புமாக இருந்தது. மறுநாள், பால் கலந்த காப்பி வேண்டி, "லாத்தே" என்றேன். முதியவரான கடைக்காரர் வெறும் பாலைக் கொண்டுவந்து வைத்தார். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குப் பால் என்பதே பொருள்! விழித்து நின்ற என்னைக் கண்டு அவர் சிரிக்கவில்லை. பாலில் சிறிது குறைத்துவிட்டுக் காப்பியை ஊற்றித் தந்தார். அதன்பின் நான் படியேறும்போதே பாலைச் சூடாக்கத் தொடங்கிவிடுவார்.

ஆண்டுகள் பல கடந்தன. இன்று ஒரகடத்தை அடுத்த ஒரு பங்கில் பணியாற்றுகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது முதல் கொரியர் பலர் இவ்வட்டாரத்திற்கு வந்து பணிபுரிகின்றனர். அவர்களுள் பொறியாளர் ஒருவர் எங்கள் ஞாயிறு திருப்பலிக்கு வருவார். திருப்பலிக்குப் பின் நாங்கள் தரும் பால் காப்பியை ஒரு மிடறு அருந்திவிட்டு வைத்துவிடுவார்.

ஒருநாள் சட்டைப்பையிலிருந்து நீண்ட பொட்டலமொன்றை எடுத்து, வெந்நீர் கேட்டார். காப்பித்தூளும் சர்க்கரையும் 'கிரீமர்' பொடியும் கலந்தது. 1976 முதல் அவர்கள் நாட்டில் விற்பனையாவது. கிரீமர் பாலன்று, குளுக்கோஸ் பாகின் பொடியும் தாவரக் கொழுப்புமே அதில் மிகுதி. "பால் பெருகும் நாட்டுக்கு வந்தும் பொடியா?" என்று நான் சிரித்துவிட்டேன். அவர் பொட்டலத்தை மெல்லப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றிரவு உரோமைக் கடைக்காரர் நினைவில் வந்தார். அந்நியனாய் நின்றபோது எனக்குக் கிடைத்த கனிவை, என் வாசலுக்கு வந்த அந்நியருக்கு நான் அளிக்கவில்லையே!

அடுத்த ஞாயிறு, காப்பிப் பாத்திரத்தின் அருகே வெந்நீரும் வைத்தேன். அவர் இரண்டு பொட்டலங்களைப் பிரித்தார். ஒன்று எனக்கு.