காற்று இடும் உரம்

திருத்தணிகை மலை ஏறுகிறவர்கள் 365 படிகளை எண்ணிப் பார்ப்பதுண்டு. படியோரத்துப் பாறைகளை யாரும் கவனிப்பதில்லை. சாம்பல் பூத்தாற்போல் அவற்றில் ஒட்டியிருக்கும் திட்டுக்களைக் காட்டுவதற்காகவே நான் வருஷந்தோறும் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்கிறேன். செட்டிநாட்டுச் சமையலில் மணக்கிறதே கல்பாசி, அதற்கு இவை உறவு. இவற்றுக்கு வேர் கிடையாது. காற்றும் மழையும் கொண்டு வருவதே ஆகாரம். ஆகையால் காற்று கெட்டால் முதலில் வாடுகிறவை இவையே. பாரிஸ் நகரின் மற்றப் பகுதிகளில் காணாத பல இனங்கள் லக்ஸம்பர்க் பூங்காவில் இருப்பதைக் கண்ட நைலாண்டர் என்ற தாவர சாஸ்திரி, காற்றின் சுத்தத்துக்கு இவை அளவுகோல் என்று 1866-லேயே சொன்னார்.

கரிப்புகை ஒரு பகை என்றால் நைட்ரஜன் மற்றொரு பகை. காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். தன்னளவில் அது பரம சாது. ஆனால் மோட்டார் என்ஜினிலும் அனல் மின்நிலையத்திலும் கொதிக்கும் சூட்டில் ஆக்ஸைடாக மாறும்போதும், வயலில் தூவிய யூரியாவிலிருந்து அம்மோனியாவாகக் கிளம்பும்போதும் அதன் சுபாவம் மாறிவிடுகிறது. பிறகு மழையோடும் தூசியோடும் காடு, மலை, குளம் எல்லாவற்றின்மீதும் இறங்குகிறது.

"அப்படியானால் காற்றே உரம் போடுகிறது. நல்லதுதானே, ஸார்?" என்று கேட்டான் ஒரு பையன். குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவன் கேட்டது நியாயந்தான்.

ஆனால் வயலுக்கு நல்லதெல்லாம் மலைக்கு நல்லதல்ல. மலையின் மண் ஏழை. அந்த வறுமையிலேயே வாழப் பழகிய செடிகள் அநேகம். கொழிஞ்சி தனக்கு வேண்டிய நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் தானே சம்பாதித்துக்கொள்கிறது. எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு கிடைத்தால் அந்தச் சாமர்த்தியத்துக்கு மதிப்பு ஏது? முரட்டுப் புல் ஓங்கி வளர்ந்து மற்றவற்றை நிழலிலேயே அமுக்கிவிடும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1856 முதல் நடந்து வரும் சோதனை இதைக் கண்கூடாகக் காட்டியிருக்கிறது: நைட்ரஜன் உரமிட்ட தரைகளில் செடி வகைகள் அருகி, சில புற்களே மிஞ்சின. ஹாலந்து தேசத்துப் புதர்வெளிகள் பல புல்வெளிகளாக மாறியதும் இவ்விதமே.

யூரியாவைத் தூஷிப்பது என் நோக்கமல்ல. பஞ்சத்தை விரட்டியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் உலக முழுவதையும் கணக்கிட்டால், இடும் நைட்ரஜனில் பாதிக்கு மேல் பயிரைச் சேருவதில்லை. மேலே தூவுவதை விட்டு மண்ணுக்குள் புதைத்தால் காற்றில் போவது குறையும். குடியானவரின் பணமும் மிஞ்சும். நைட்ரஜன் விரயத்தை 2030-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2019-ல் கொழும்பில் கூடிய தேசப் பிரதிநிதிகள் பிரகடனம் செய்தார்கள். பிரகடனம் மட்டும் வயலுக்கு வந்து சேராது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அதை வரப்பில் நிற்கும் தகப்பனாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.