காற்று போகும் வழி

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனக் கேட்கப்பட்டபோது, நான் ஏதேனும் ஓர் இலக்கியப் பொருள் குறித்து எழுதுவேன் என்றே நண்பர்கள் எதிர்பார்த்திருப்பர். நான் எழுதப் புகுவதோ ஒரு பழைய காரின் தலையைப் பற்றி. தலை என்பது இங்கே உவமை அன்று. எஞ்சினின் மேற்பாகமாகிய சிலிண்டர் ஹெட்டையே சொல்கிறேன்.

அப்பாவிடம் 1977ஆம் ஆண்டு அம்பாசடர் ஒன்று இருந்தது. சேமநல நிதியிலிருந்து கடன் பெற்று வாங்கியது. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் அது நிற்கும். உப்பளக் காற்று அதன் கதவடிகளை ஆண்டுதோறும் அரித்துக் கொண்டிருந்தாலும், 1489 சி.சி. எஞ்சின் மட்டும் எவ்விதக் குறையும் சொல்லாமல் உழைத்தது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. காற்றுக்கும் குழந்தைகளுக்கும் அது பெரும் நன்மையே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அம்பாசடரின் தலை வார்ப்பிரும்பு. வால்வு அமரும் இருக்கையும் அதே இரும்பில் கடைந்ததுதான். எரிந்த ஈயம் அந்த இருக்கையின்மேல் மெல்லிய மெத்தைபோல் படிந்து காத்து வந்தது. மெத்தை போனபின், கனன்று கொண்டிருக்கும் புகைபோக்கி வால்வு ஒவ்வோர் அடிக்கும் சிறிது சிறிதாக இருக்கைக்குள் புதையலாயிற்று. டாப்பெட் இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வருவதைக் கண்டுதான் அதை அறிந்தோம்.

பாளையங்கோட்டைச் சாலையில் ஒரு பட்டறை. அங்கிருந்த மேஸ்திரியை ஊரே அண்ணாச்சி என்றழைக்கும். இளமையில் சோழவரம் கார்ப் பந்தயங்களுக்குக் கைவேலையாளாகச் சென்று வந்தவர். போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றில் அம்பாசடரும் ஃபியட்டும் சீறிப் பாய்ந்த கதைகளை அவர் சொல்லக் கேட்பதற்காகவே நான் அங்குச் செல்வதுண்டு. ஹெட்டை இறக்கிப் பார்த்துவிட்டு, நான்கு புகைபோக்கி வால்வுகளுக்கும் கெட்டியான எஃகு இருக்கை பதித்தால் போதும் என்றார்.

எனக்கு அது போதவில்லை. அப்போது எஞ்சின் திருத்தம் பற்றிய ஆங்கில நூல் ஒன்றை இரவல் வாங்கிப் படித்துக் கொண்டிருந்தேன். இந்த எஞ்சினின் எரியறையை இதய வடிவில் அமைத்தவர் ஹாரி வெஸ்லேக் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். பெட்ரோலை அதிகம் ஊற்றுவதிலன்று, காற்று தடையின்றி உள்ளே சென்று வெளியேறுவதில்தான் ஆற்றல் இருக்கிறது என்பதைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் அவர். ஆயினும் இந்தத் தலையில் ஒரு சிக்கல் உண்டு. முதல் இரண்டு சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஒரே உள்வாயில், கடைசி இரண்டுக்கும் ஒன்று. ஒரே வாசலில் இரு குடித்தனம். ஒருவர் இழுத்த காற்றின் மிச்சத்தை மற்றவர் அடுத்தகணம் பிடுங்குவார். 'வாசலை அகலமாக்கினால் என்ன?' என்று எனக்குத் தோன்றியது.

"தம்பி, வழி பெரிசானா காத்து சோம்பேறியாயிரும். வால்வுக்குப் பின்னால இருக்கிற படிய மட்டும் எடுங்க. வளைவைத் தொடாதீங்க, அதுக்குப் பின்னால தண்ணி ஓடுது," என்றார் அண்ணாச்சி.

அவர் மதிய உணவுக்குச் சென்ற வேளையில் வளைவைத்தான் தொட்டேன். சுழலும் கல்லின் ஒலி திடீரென்று மாறியது. கரும்பரப்பில் கடுகளவு துளை. அதன் மறுபுறம் குளிர்நீர் ஓடும் அறை. அன்று மாலை அப்பா பட்டறைக்கு வந்து துளையை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நடந்தே வீடு திரும்பினார். திட்டியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

மதுரையில் பழைய உதிரிப் பாகக் கடை ஒன்றில் வேறொரு தலை கிடைத்தது. இம்முறை அண்ணாச்சி செய்ய, நான் விளக்கைப் பிடித்து நின்றேன். குழியைவிட நூலளவு பெரிதாய் இருக்கும் எஃகு வளையத்தைச் சுருங்கச் செய்தாலன்றி உள்ளே இறங்காது. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் வந்தது. உப்புக்கு நம்மூரில் பஞ்சமில்லை. இரண்டையும் கலந்தால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகைவரை இறங்கும் என்பதை வேதியியல் வகுப்பில் எழுதி மதிப்பெண் பெற்றிருந்தேன். அதன் பயனை அன்றுதான் கண்டேன். வளையங்கள் நான்கும் ஒவ்வோர் அடியில் 'டக்'கென்று அமர்ந்தன. பின்னர் இருக்கைகளுக்குப் பின்னிருந்த படிகளைத் தேய்த்தார்; மேனிஃபோல்டு வாயும் ஹெட்டின் வாயும் ஒன்றோடொன்று பொருந்துமாறு கேஸ்கட்டை வைத்துக் கோடிட்டு ஓரங்களை எடுத்தார். உள்வாயிலைக் கண்ணாடிபோல் மெருகிடப் போன என் கையைத் தடுத்தார். சற்றே சொரசொரப்பு இருந்தால்தான் பெட்ரோல் சுவரில் வழியாமல் காற்றோடு கலந்தே செல்லுமாம். எரியறைகள் நான்கும் ஒரே கொள்ளளவு உடையனவா என்று ஊசிக்குழலால் மண்ணெண்ணெய் ஊற்றி அளந்தது மட்டும் என் பங்கு.

வண்டியை அப்பாதான் முதலில் எடுத்தார். வல்லநாடு தாண்டும்வரை பேசவில்லை. உப்பு லாரி ஒன்றை முந்தியபோது, கியரை மாற்றாமலே வண்டி இழுத்தது. "மூச்சு விடுது," என்றார். அந்த ஒரு சொல்லோடு எங்களுக்குள் பழைய பேச்சு திரும்பியது.

அப்பாவும் இன்றில்லை, அண்ணாச்சியும் இல்லை. அம்பாசடர் தயாரிப்பும் 2014இல் நின்றுவிட்டது. நான் துளையிட்ட தலை எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கிடக்கிறது. துளை துருவேறித் தூர்ந்துவிடாமலிருக்க, ஆண்டுக்கொருமுறை அதற்கு எண்ணெய் பூசி வைக்கிறேன்.