தளர்நடைப் பிள்ளையோடு கடலில் இரண்டு இரவுகள்

ஆரணியின் நெசவாளர் தெருக்களில் விடுமுறை என்னும் சொல்லுக்குப் பொருள் ஒன்றே. பழைய பாவு தீர்ந்து, புதிய பாவு இன்னும் வந்து சேராத நாள் அது. அன்று தறி ஓடாது, கூலியும் வராது. ஆதலால் எங்கள் தெருவில் ஒருவர் வேலையின்றித் திண்ணையில் அமர்ந்திருக்கக் கண்டால், "என்ன ஆயிற்று?" என்று கவலையோடு விசாரிப்பதே வழக்கம். இத்தகைய தெருவிலிருந்து, ஒன்றே முக்கால் வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் ஏந்திக்கொண்டு உல்லாசக் கப்பலில் இரண்டு இரவுகள் கழிக்க நாங்கள் புறப்பட்டோம் என்று சொன்னால் அன்பார்ந்த வாசகர்கள் நகைக்கக்கூடும். தெரு முழுவதும் நகைக்கத்தான் செய்தது.

பணம் எங்களுடையதன்று. சென்னையில் கணினித் துறையில் பணியாற்றும் எங்கள் தம்பி, சம்பள உயர்வு கிடைத்த மகிழ்ச்சியில் தன் மனைவியோடு எங்களையும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிட்டான். கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்னும் கப்பல் 2022 ஜூன் 4 அன்று, தமிழக முதலமைச்சர் கொடியசைக்கச் சென்னைத் துறைமுகத்திலிருந்து தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கலக்கும் மாதங்களில் மும்பைப் பக்கம் பயணம் கடினம். அக்காலத்தில் நம் கிழக்குக் கடல் சற்றே சாந்தமாக இருக்கும். ஆகவேதான் கப்பல் இங்கு வந்தது. விசாகப்பட்டினம் வரை செல்லும் நீண்ட பயணமும் இருந்தது. நடுக்கடல் வரை சென்று திரும்பும் இரண்டு இரவுப் பயணமும் இருந்தது. தம்பி வாங்கியது இரண்டாவது. ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லையே, அண்ணனுக்கு வேலை குறைவாக இருக்கும் என்று அவன் கணக்கிட்டான். நெசவாளர் வீட்டிலேயே பிறந்தவன் இப்படிக் கணக்கிட்டது வியப்புத்தான். ஆவணி மாதத்துக் கலியாணப் புடவைகள் ஆடியில் அல்லவா தறியில் இருக்கும்!

எங்கள் வீட்டில் ஒரு பட்டுப்புடவை தறியிலிருந்து இறங்க எட்டு நாட்கள் முதல் பத்து நாட்கள் வரை ஆகும். எங்களில் ஒருவர் குழியில் கால் வைத்து மிதிப்பலகையை மிதிக்க, மற்றவர் தார் சுற்றிக் கொடுத்து, அறுந்த இழையை முடிந்து தருவார். குழந்தையின் ஏணை தறிக்கு ஒரு முழ தூரத்தில் உத்தரத்திலிருந்து தொங்கும். இழை முடிந்த கை ஏணைக் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு மீண்டும் நூலுக்குப் போகும். எம் மகள் பிறந்த நாள் முதல் இப்படித்தான் வளர்ந்தாள். நடக்கத் தொடங்கிய பின்னர் சரிகைக் கட்டையும் நாடாவையும் அவள் கைக்கு எட்டாமல் வைப்பதே பெரும்பாடாயிற்று. பகல் முழுதும் நாங்கள் இருவரும் அவள் அருகிலேயே இருந்தோம். ஆனால் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அமர்ந்த பகல் ஒன்றும் எங்கள் நினைவில் இல்லை.

பயணத்துக்கு முதல் எதிர்ப்பு எழுபத்தைந்து வயதைக் கடந்த எங்கள் ஆயாவிடமிருந்து வந்தது. "ஆடிக்காத்துல அம்மியே பறக்குமாம். நடை பழகாத பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நடுக்கடலுக்கா போறீங்க?" என்றார்கள். அவர்கள் அவ்வாறு கேட்கக் காரணம் இருந்தது. ஆயா தம் மூன்றாம் வயதில் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் வந்து சேர்ந்தவர்கள். 1926-ஆம் ஆண்டு கட்டப்பட்ட அக்கப்பல், 1970-களின் தொடக்கம் வரை தமிழகத்துக்கும் மலேயாவுக்கும் இடையே பல்லாயிரம் குடும்பங்களைச் சுமந்தது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு ஓய்ந்தது. அந்நாளில் கைக்குழந்தையோடு கப்பல் ஏறுவது உல்லாசம் அன்று, பிழைப்பு. மேல்தளத்தில் பாய் விரித்து, பெட்டிகளைச் சுற்றிலும் அடுக்கி, பிள்ளை உருண்டு விடாதபடி தாயார் தம் முந்தானையால் இடுப்போடு கட்டிக்கொண்டு ஏழெட்டு நாட்கள் வந்தார்களாம். முந்தானை ஈரமாகவே இருந்தது என்பதுவரை ஆயா சொல்வார்கள். ஆனால் இவற்றில் ஒன்றும் அவர்களுக்கு நினைவில் இல்லை! எல்லாம் அவர்களுடைய தாயார் சொல்லக் கேட்டதே. ஆயினும் "நான் கப்பலில் வந்தபோது" என்றுதான் தொடங்குவார்கள்.

மருத்துவரைக் கேட்டோம். அவர் அச்சுறுத்தவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளைப் பெரும்பாலான உல்லாசக் கப்பல்கள் ஏற்பதில்லை. தொடர்ந்து பல நாட்கள் கரை தொடாத பயணமானால் ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பார்கள். கப்பலில் மருத்துவர் உண்டு. ஆனால் அவர் குழந்தை மருத்துவராக இருப்பது அரிது. எனவே காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தட்டம்மைத் தடுப்பூசி போட்ட அட்டை ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லும்படி சொன்னார். கடல்மயக்கத்துக்குப் பெரியவர்கள் விழுங்கும் மாத்திரையை உடைத்துக்கூடக் குழந்தைக்குக் கொடுக்கலாகாது என்று கண்டிப்பாக எச்சரித்தார். பின்னர் சிரித்துக்கொண்டே, "அவளைப் பற்றிக் கவலை வேண்டாம், உங்களைப் பற்றித்தான் கவலை" என்று கூறினார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடல்மயக்கம் வருவது அபூர்வமாம். அப்போது நாங்கள் அதை நம்பவில்லை.

ஆரணியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். முதல் நாளே தம்பியின் வீட்டுக்குச் சென்று தங்கினோம். அடுக்குமாடியின் ஐந்தாம் மாடி. சன்னலை மூடினால் சிற்றெறும்பு ஊர்வதும் கேட்கும் அமைதி. அந்த அமைதியில் எம் மகள் இரவு இரண்டு மணி வரை உறங்கவில்லை. தறியோசை கேட்டே பழகிய காதுக்கு அது பொறுக்கவில்லை போலும்.

மறுநாள் துறைமுகத்தில் கப்பலைக் கண்டபோது எங்களுக்கே பேச்செழவில்லை. 1990-இல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்ட கப்பல் அது. நீளம் 210 மீட்டருக்குச் சற்று மிகுதி. எங்கள் தெருவை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடலாம். எங்கள் மகளோ கப்பலைப் பார்க்கவேயில்லை. அவள் பார்த்தது தரையில் கிடந்த ஒரு தடித்த கயிற்றை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் கமண்டல நாகநதியின் கரையில் பிறந்தவள். கடலைக் கண்டால் துள்ளுவாள் என்று எதிர்பார்த்தோம். இரண்டு நாட்களிலும் அவள் உள்ளம் கவர்ந்தவை யாவையெனில், லிப்ட்டின் பொத்தான்கள், நடைவழிக் கம்பளத்தின் கோடுகள், உணவுக்கூடத்தில் அடுக்கியிருந்த தேக்கரண்டிகள் ஆகியவையே. கடலுக்கு அவளிடம் நான்காம் இடம்தான்.

கப்பல் புறப்படுமுன் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பின்னர் உலக நாடுகள் கூடி வகுத்த சட்டத்தின் வழியில் வருவது அது. 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் மாண்ட பின்பு சட்டம் மேலும் இறுகியது. முன்னர் புறப்பட்டு 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தலாம். இப்போது புறப்படுமுன்பே, அல்லது புறப்பட்டவுடனே நடத்தியாக வேண்டும். ஏழு குறும் ஒலிகளும் ஒரு நெடும் ஒலியும் எழுந்தால் அபாயம் என்று பொருள். ஒலி எழுந்ததும் எங்கும் பிள்ளைகளின் அழுகுரல்! நாங்கள் முன்னதாகவே இவள் காதுகளைப் பொத்திக்கொண்டோம். பெற்றோர் இங்கு ஒன்றை மறவாமல் கேட்டறிய வேண்டும். பெரியவர்க்கான உயிர்காப்பு அங்கி சிறு குழந்தைக்கு உதவாது, அதிலிருந்து நழுவிவிடும். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமானால், 15 கிலோவுக்குக் குறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய சிறிய அங்கி கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. கேட்டோம், அறைக்கே கொண்டு வந்து கொடுத்தார்கள்.

அன்றிரவு காற்று வீசியது. அலை பெரிதன்று என்று பணியாளர் சொன்னார்; நிலத்தில் வாழ்பவர்க்கு எல்லா அலையும் பெரிதே. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கிடைத்தது நல்லதாயிற்று. ஏற்றப் பலகையில் நடுவில் அமர்ந்தவனுக்கு அசைவு குறைவு அல்லவா, கப்பலிலும் அப்படியே. ஆயினும் எங்களில் தாயானவள் தலைசுற்றிப் படுத்துவிட்டாள். கண் அசையாத சுவரைக் காண்கிறது, காதின் உள்ளுறுப்போ அசைவை உணர்கிறது. இரண்டுக்கும் நடக்கும் வழக்கே அந்த மயக்கம் என்பார்கள். காரணம் தெரிந்ததால் வாந்தி நிற்கவில்லை.

தகப்பனானவன் கையில் பிள்ளை வந்து சேர்ந்தது. பால்மாவை எத்தனை கரண்டி கரைப்பது, தூங்குமுன் எந்தக் காதைத் தடவவேண்டும் என்பவற்றைப் படுக்கையிலிருந்து ஈனக்குரலில் கேட்டுக் கேட்டுச் செய்தான். மின்கெண்டி போன்றவற்றைக் கப்பலில் கொண்டுவர விடுவதில்லையாதலால், கொதித்த நீருக்குப் பணியாளரையே அழைக்க வேண்டியிருந்தது. பின்னர் அவளை நடத்திக்கொண்டு நீண்ட நடைவழியில் உலவினான். அங்கே ஒரு வேடிக்கை. படித்தவர், பணக்காரர், மிடுக்காக உடுத்தவர் அனைவரும் சுவரைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டு வந்தார்கள். கப்பல் அசைந்தபோது எல்லோருமே தளர்நடைப் பிள்ளைகள்! நாள்தோறும் விழுந்து எழுந்து பழகிய எம் மகள் மாத்திரம் கால்களை அகட்டி வைத்து, எல்லோரையும் கடந்து, லிப்ட்டை நோக்கி நடந்தாள். மருத்துவர் சொன்னது மெய்யாயிற்று.

நள்ளிரவில் அவளை மார்போடு அணைத்துப் படுத்தபோது, கீழேயிருந்து இயந்திரத்தின் அதிர்வு படுக்கை வழியாக ஏறி வந்தது. சீராக, ஓயாமல், தறி ஓடுவதைப் போலவே. இரண்டு நிமிடத்தில் குழந்தை உறங்கிவிட்டாள்.

மறுநாள் கடல் அடங்கியது; தாயும் எழுந்தாள். நீச்சற்குளத்தில் இறங்க இவளுக்கு அனுமதி இல்லை. டயப்பர் அணியும் குழந்தைகளைப் பொதுக்குளத்தில் விடுவதில்லை. ஒரு குழந்தையின் வயிற்றுக்கோளாறு கப்பல் முழுதும் பரவிவிடும் என்பதே காரணம். நியாயமான விதி, ஆனால் அவளுக்கு விளக்க முடியுமா? அழுதாள். மூடிய கப்பலில் வயிற்றுப்போக்குக் கிருமி விரைவாகப் பரவும். சாராயம் கலந்த கைத்திரவத்தைவிடச் சோப்பும் தண்ணீருமே அதற்கு ஏற்றவை. எதையும் வாயில் வைக்கும் பருவமாதலால், அவள் கைகளை அன்று எத்தனை முறை கழுவினோமோ! உணவுக்கூடத்தில் இட்லியும் தயிர்ச்சோறும் கிடைத்தன. அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்? சூதாட்டக்கூடம் ஒன்றும் கப்பலில் உண்டு. அதன் வாயிலில் மின்னிய வண்ண விளக்குகளைக் காட்டி அவள் இழுத்தாள். திருப்பி அழைத்து வந்தோம். குடும்பங்கள் ஏறும் கப்பலில் அது எதற்கு என்று எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை.

பிற்பகல் முழுவதும் மேல்தளத்தில் நிழலான ஓர் இருக்கையில் அமர்ந்திருந்தோம். கம்பி வேலியின் அருகே செல்வதாயின் ஒருவர் கை அவள் கையை விடுவதில்லை என்பது எங்களுக்குள் ஏற்பாடு. அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் கைகளில் நூல் இல்லை. எங்கள் நால்வர் கைகளும் வெறுமையாக இருந்தன. குழந்தை ஒரு மடியிலிருந்து மற்றொரு மடிக்கு மாறி மாறிச் சென்றாள். இறக்கிவிட எவருக்கும் அவசரம் இல்லை. அவளுடைய இடப் புருவத்தின் நடுவே சிறு சுழி இருப்பதைத் தகப்பன் அன்றுதான் கண்டான். தாய், "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

ஊர் திரும்பியபோது புடவை நான்கு நாட்கள் பின்தங்கியிருந்தது. அதை ஈடுகட்ட இரவில் விளக்கேற்றி நெய்தோம். நினைவே நில்லாத வயதில் பிள்ளைக்கு எதற்கு இந்தச் செலவு என்று தெருவில் கேட்டவர்கள் பலர். இப்போது பள்ளிக்குச் செல்லும் மகளுக்கு அந்தக் கப்பல் சற்றும் நினைவில்லை. மூன்று வயதுக்கு முந்தியவை பெரும்பாலும் யாருக்கும் தங்குவதில்லை. ஆனாலும் அவள் தன் தோழிகளிடம், "நான் கப்பலில் போனபோது எல்லோரும் விழுந்தார்கள், நான் மட்டும் விழவில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பதை வாசலில் நின்று கேட்டோம். யார் சொல்லித் தந்தார்கள் என்று பார்த்தால், ஆயாதான்! நாங்கள் சொன்னதைக் கேட்டுவைத்து, கொஞ்சம் அலையையும் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

2023 ஜூன் 5 அன்று அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டு வருவதாகத் தம்பி தொலைபேசியில் சொன்னான். அயல்நாடாதலால் குழந்தைக்கும் தனியே கடவுச்சீட்டு வேண்டும் என்றான். தறியில் அப்போது மூன்று புடவைப் பாவு. "பார்க்கலாம்" என்று நாங்கள் சொல்லிவிட்டோம். ஏணை இருந்த இடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த ஆயா, உறங்குவதாகவே நினைத்திருந்தோம். கண்ணைத் திறவாமலே, "என் வயசுக்காரங்களுக்கும் அந்தச் சீட்டு கொடுப்பாங்களா?" என்று கேட்டார்கள்.