மீட்டர் கண்ணாடியும் கடற்காற்றும்

பிள்ளைச்சாவடியில் கடலுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே குடியிருப்பவன், எவ்வளவுதான் துடைத்தாலும் தன் காரின் மீட்டர் கண்ணாடியில் மறுநாளே ஒரு மெல்லிய வெண்திரையைக் கண்டே தீரவேண்டும் என்பதை, ஓராண்டு கால வீண் பிரயத்தனத்துக்குப் பின்னரே நான் உணர்ந்தேன். அது வெறும் தூசியன்று; அலைத் திவலைகளோடு காற்றிலேறி வரும் உப்பு. ஈரத்தை ஈர்ப்பது உப்பின் சுபாவமாதலால், அரைகுறையாகத் துடைத்த இடத்தில் எஞ்சிய அணுவளவும் இராப்பனியை உறிஞ்சி மீண்டும் மங்கலாய்ப் படர்ந்துவிடுகிறது.

கண்ணாடி என்பது பேச்சு வழக்கேயன்றி, வாஸ்தவத்தில் அது பிளாஸ்டிக். ஜன்னலுக்குத் தெளிக்கும் அமோனியா கலந்த திரவத்தை அதன்மேல் நான் பிரயோகித்த மூடத்தனத்துக்குச் சாட்சியாக, வேகமுள் 80-ஐத் தொடுமிடத்தில் ஒரு பால்நிறத் தழும்பு இன்றும் இருக்கிறது. (அதைத் தாண்டாதே என்பதற்கான அடையாளம் என்று என் மனைவி வியாக்கியானம் செய்கிறாள்.)

இப்போதெல்லாம், பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரை, அதாவது அமிலம் சேராத வாலைநீரை, மைக்ரோஃபைபர் துணியில் சில சொட்டு விட்டு, உப்புப் பரல் கீறிவிடாதபடி அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் புது மடிப்பைத் திருப்பிக்கொண்டு, ஈரம் தானாகக் காயுமுன் உலர்ந்த வேறொரு துணியால் ஒற்றி எடுக்கிறேன். குழாய்த் தண்ணீரானால் அதிலுள்ள உப்பே கோடாகப் படியும். வெறுந்துணியால் தேய்த்தாலோ நிலைமின்சாரம் பிறந்து தூசியை வருந்தி அழைக்கும்.

நேற்றுச் சாயங்காலம் நிழலில் நிறுத்தி இவ்வண்ணம் துடைத்து முடித்து, முள்ளும் எண்களும் பிரகாசிக்கக் கண்டு பூரித்திருக்கையில், எதிர்வீட்டு மீனவப் பெரியவர் வானத்தைப் பார்த்துச் சொன்னார்: “நாளைக்குக் கடலிலேருந்து கொண்டல் காத்து அடிக்கும் தம்பி.”