களக்காட்டில் ஒரு குழி, டோனாவூரில் ஓர் அறை: ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு மலையடிவாரப் பயணம்

நெல்லை - தென்காசி ரயில் பாதையில் அம்பாசமுத்திரத்தைத் தாண்டினால் ஆழ்வார்குறிச்சி வரும். சின்ன ஸ்டேஷன்தான். இறங்கி மேற்கே பார்த்தால் கண்ணுக்கு மலை மட்டுமே தெரியும். அங்கிருந்து இறங்கி வரும் கடனா நதிதான் இந்தப் பக்கத்து வயல்களுக்குச் சோறு போடுகிறது. மலை அடிவாரத்தில் சிவசைலம். அங்கே சிவசைலநாதரும் பரமகல்யாணி அம்மனும். ஆழ்வார்குறிச்சிக் கல்லூரிக்கும் அந்த அம்மன் பெயர்தான். ஊர்ப் பெயரில் ஆழ்வார், கல்லூரிப் பெயரில் அம்மன்! இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

கடனா நதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியில் கலந்துவிடும். அந்தத் தண்ணீரின் போக்கிலேயே கிழக்கே போனால் நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரி. ஆக, சரணாகதி என்ற சொல் இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. இதே கரையில் வாழும் கிறிஸ்தவர்களிடம் அதற்கு இன்னொரு சொல் இருக்கிறது: ஒப்புக்கொடுத்தல். ‘என் வாழ்க்கையை நான் நடத்தவில்லை, நீர் நடத்தும்’ என்று கடவுளிடம் விட்டுவிடுவது.

இரண்டு சொற்களையும் அறிந்தவர் ஒருவர் இங்கே இருந்தார். 1827-ல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-ல் வெளிவந்தது. அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இந்தப் பயணம் வேறொருவரைத் தேடி. அதே மலையடிவாரத்தில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கே, டோனாவூரில், ஐம்பது வருடம் இந்த ‘ஒப்புக்கொடுத்தல்’ என்ற ஒரு சொல்லோடு மல்லுக்கட்டியவர் ஏமி கார்மைக்கேல்.

அம்பைக்கு ஒரு பஸ், அங்கிருந்து சேரன்மகாதேவிக்கு இன்னொன்று. வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், மலை கூடவே வரும். வழியில் காருகுறிச்சி. நாதஸ்வரம் கேட்பவர்களுக்கு அருணாசலத்தின் ஊர். பொங்கல் வந்தால் பானைக்குப் பேர்போன ஊர். பைபிளில் எரேமியா தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போவார். சக்கரத்தில் கெட்டுப்போன மண்ணை, குயவன் தூக்கி எறியாமல் வேறு பாத்திரமாக வனைவதைப் பார்ப்பார். ஒப்புக்கொடுத்தலைப் பற்றி எந்தச் சபையில் பிரசங்கம் நடந்தாலும் இந்தக் குயவன் வராமல் இருக்க மாட்டார். பிரசங்கத்தில் கேட்கும்போது இதமாக இருக்கும். களிமண்ணைப் பிசைந்து, மிதித்து, கடைசியில் சூளையில் வைப்பதை நேரில் பார்த்தால் அவ்வளவு இதமான உவமையாகத் தெரியவில்லை!

சேரன்மகாதேவியில் பஸ் மாறியபோது பக்கத்தில் ஓர் ஆச்சி வந்து உட்கார்ந்தார். மடியில் ஜிப் போட்ட கறுப்பு பைபிள் பை.

“எங்கய்யா போற?”

“டோனாவூருக்கு, ஆச்சி.”

“ஆஸ்பத்திரிக்கா?”

“இல்ல, அந்தம்மா இருந்த இடத்தப் பத்தி எழுதணும்.”

அதற்குப் பிறகு அவர் கதைதான். மகள் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காகக் காத்திருக்கிறாள். கடன் வாங்கிக் கட்டிய பணம் இருக்கிறது. விசா வரவில்லை. “ஜெபத்துல ஒப்புக்கொடுத்துட்டேன்யா” என்றவர், கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆனா ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்திருது. ஒப்புக்கொடுத்தத நானே திரும்ப எடுத்துக்கிடுதேன்.”

ஏமி கார்மைக்கேல் 1867-ல் வட அயர்லாந்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் கெஸ்விக் கூட்டங்கள் அந்தக் காலத்தில் பிரபலம். முழுமையாகத் தன்னைக் கடவுளிடம் ஒப்புக்கொடுப்பதுதான் அங்கே மையப் பேச்சு. அந்த இயக்கம் முதன்முதலாகத் தன் பொறுப்பில் அனுப்பிய மிஷனரி ஏமிதான். 1893-ல் ஜப்பான் போனார், உடல்நிலை ஒத்துவரவில்லை. 1895-ல் இந்தியா வந்தார். அதன்பிறகு ஊர் திரும்பவே இல்லை. 55 வருடத்தில் ஒரு விடுமுறைகூட இல்லை!

அவர் போட்டிருந்த திட்டம் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வது. புடவை கட்டி, மாட்டுவண்டியில், பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்களோடு நெல்லைச் சீமையைச் சுற்றினார். நட்சத்திரக் கூட்டம் என்று அந்தக் குழுவுக்குப் பெயர். 1901 மார்ச்சில் பண்ணைவிளையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்தவள், தப்பி வந்திருந்தாள். பெயர் பிரீனா. அவளுக்குப் பின்னால் இன்னொரு குழந்தை, பிறகு கைக்குழந்தைகள். குழந்தைகளை வைத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா? மாட்டுவண்டிப் பயணங்கள் குறைந்து நின்றன. பிரசங்கம் செய்ய வந்தவர் பால் காய்ச்சினார், நகம் வெட்டினார். இதற்கா கடல் தாண்டி வந்தாய் என்று சக மிஷனரிகளே முகம் சுளித்தார்கள். தேவதாசி முறைக்குத் தடைச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்ததே 1947-ல்தான் என்பதை நினைத்தால் அந்த வேலையின் கனம் புரியும்.

பண விஷயத்தில் அவர் வைத்திருந்த விதி இன்றைக்குக் கேட்டாலும் வயிற்றைக் கலக்கும். யாரிடமும் பணம் கேட்பதில்லை. கடன் வாங்குவதில்லை. தேவையை ஜெபத்தில் மட்டும் சொல்வது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரின் வழி அது. மருத்துவமனை அவசரமாகத் தேவைப்பட்ட நேரத்தில், முதலில் ஜெப வீட்டைக் கட்டு என்று கடவுள் நடத்துவதாக ஏமி நம்பினார். 1927-ல் ஜெப வீடு எழுந்தது, அதற்குப் பிறகே மருத்துவமனை. நான் அந்தக் கமிட்டியில் இருந்திருந்தால் கண்டிப்பாக எதிர்த்துக் கை தூக்கியிருப்பேன்.

கை தூக்கியவர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் திருநெல்வேலிப் பேராயரான ஸ்டீபன் நீல் 1924-ல் டோனாவூருக்கு வந்தார், ஓராண்டு அளவில் மனக்கசப்போடு விலகினார். ஏமிக்கு வலுவான பிடி. ‘தேவ சித்தம் இதுதான்’ என்று தலைவி சொல்லிவிட்டால் மற்றவர் எதிர்த்துப் பேசுவது எப்படி? கடவுளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்தவர், மனிதர்களிடம் எதையும் விட்டுக்கொடுக்காதவராகவும் இருந்திருக்கிறார். நம் குடும்பங்களிலும் இப்படி ஒருவராவது இருப்பார்.

பஸ் களக்காட்டில் நின்றது. ஆச்சி இறங்கிக்கொண்டார். கடைவீதிக்குப் பின்னால் அதே மலை. ஆழ்வார்குறிச்சிக்கு மேலேயும் இங்கேயும் ஒரே புலிகள் காப்பகம்தான், களக்காடு - முண்டந்துறை. ஏமியின் கதை திரும்பியதும் இந்த ஊரில்தான்.

1931 அக்டோபர் 24. டோனாவூர்க்காரர்கள் இங்கே மருத்துவ உதவிக்காக ஒரு வீடு பிடித்திருந்தார்கள். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஏமி வந்தார். பொழுது சாய்ந்துவிட்டது. வேலையாட்கள் தோண்டக்கூடாத இடத்தில் ஒரு குழி தோண்டியிருந்தார்கள். இருட்டில் அதற்குள் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகிலும் அடி. அன்று காலையில்தான், பிறருக்கு உதவத் தக்கவளாக என்னை ஆக்க எது வேண்டுமானாலும் எனக்குச் செய்யும் என்று அவர் ஜெபித்திருந்தார்.

அப்போது வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வாரம் மாதமாகி, வருடமாகி, கிட்டத்தட்ட இருபது வருடம் ஒரே அறை. அதற்கு முன் அவர் விட்டதெல்லாம் ஓரளவு அவராக விட்டவை: ஊர், சம்பளம், கல்யாணம். காலை மட்டும் அவராக விடவில்லை. விழித்தது முதல் விளக்கணைப்பது வரை வளாகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தவருக்கு, பக்கத்து வராந்தாவில் என்ன நடக்கிறது என்பதைக்கூட யாராவது வந்து சொல்ல வேண்டியிருந்தது.

களக்காட்டிலிருந்து டோனாவூர் கொஞ்ச தூரம்தான். பிரஷ்ய நாட்டின் டோனா பிரபு, மிஷனரி ரேனியஸுக்குக் கொடுத்த பணத்தில் உருவானதால் ஊருக்கு அந்தப் பெயர். மரங்கள் அடர்ந்த வளாகம். அங்கேதான் அந்த அறை. படுக்கையிலிருந்தபடியே அவர் எழுதினார். 1932-ல் ஒரு புத்தகம், 1933-ல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’, அதன்பின் வரிசையாக இன்னும் பல. அந்த 1933 புத்தகம் வந்த காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. நோயாளிகளுக்கு ஆறுதல் என்று அவருக்கு வந்த துண்டுப் பிரதிகள் எல்லாம் நல்ல உடம்போடு இருப்பவர்கள் எழுதியவை. அவை அவருக்குத் துளியும் ஒட்டவில்லை. படுத்துக் கிடப்பவர் படுத்துக் கிடப்பவருக்கு எழுத வேண்டும் என்று எழுதினார். அதில் வலியும் தூக்கம் வராத இரவும் மறைக்கப்படவில்லை. ஆச்சி சொன்ன அந்த மூணு மணி இந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

சும்மா கிடந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன, குழந்தைகள் அறைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் அன்றாட நிர்வாகம் மெல்ல மெல்ல மற்றவர் கைக்கு மாறியது. அதைக் கொடுக்க அவருக்கு எவ்வளவு வருடம் ஆனது என்பதையும் சேர்த்துத்தான் கணக்கில் வைக்க வேண்டும். 1948-ல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார். 1951 ஜனவரி 18-ல், 83 வயதில், இறந்தார்.

தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதனால் அங்கே பறவைகள் குடிக்கக் கல்லால் ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் வைத்திருக்கிறார்கள். அதில் ‘அம்மா’ என்ற ஒரே சொல்.

போகிறவர்கள் கவனத்துக்கு: டோனாவூர் வளாகம் டூரிஸ்ட் ஸ்பாட் அல்ல, ஆட்கள் வாழ்ந்து வேலை பார்க்கும் இடம். முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து கிளம்புவதானால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். இரண்டு, மூன்று பஸ் மாற வேண்டியிருக்கும்.